வெயிலுகந்தபுரத்தில் நகராத நிழல்

முப்பிடாதி தன்னுடைய முதல் பிளானுக்கு என் ஜெராக்ஸ் கடை மேசையில் வைத்துத்தான் சீல் குத்தினாள். குத்தி, அதன் மேல் கையெழுத்தும் போட்டு, மை காயட்டும் என்று தாளைத் தூக்கி ஊதிக்கொண்டிருந்தபோதே, சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய கார்னர் மனையில், ஒரு செங்கல்கூட இறக்காத, முள்செடிகூட வெட்டாத அந்த வெறும் பொட்டலில், இரண்டு மாடி வீட்டின் நிழல் வந்து விழுந்தது. மாடிக் கைப்பிடிச் சுவர் இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, பூவேலைத் துளைகள் விட்ட சுவர் வழியே வட்டம் வட்டமாக விழும் வெளிச்சம்கூட இருந்தது, வீடுதான் இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. சித்திரை மாதம், பகல் பதினொரு மணி. நிழல் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிற நிலைமையில் யாரும் இல்லாததால், பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துபோய் உள்ளே நின்றுகொண்டார்கள்.

எங்கள் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை, மற்றதெல்லாம் குறைவுதான். மிளகாய் காயும், வத்தல் காயும், தீக்குச்சி காயும், அவற்றோடு சேர்ந்து நாங்களும் காய்வோம். பஸ் ஸ்டாப் பக்கம் மரம் என்று சொல்ல ஒரே ஒரு வேம்பு. அதன் நிழல் காலையில் சாலைக்கு மேற்கே, மதியம் தன் காலடியில், சாயங்காலம் பெட்ரோல் பங்குக்குள். அந்த நிழலின் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வியாபாரம் செய்து பழகிய ஊர் இது.

முப்பிடாதி இந்த ஊர்ப் பெண்தான். அப்பா தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டியவர். இவள் அண்ணன் திருப்பூருக்குப் போனதும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் அப்பாவும் அங்கேயே போய்விட்டார்கள். இவள் சென்னையில் ஐந்து வருடம் ஆர்க்கிடெக்ட் படிப்புப் படித்தாள். கூடப் படித்தவர்கள் வாயில் அவள் பெயர் நுழையாமல் 'மூப்பி' என்று சுருக்கினார்களாம்; அது தன்னைத்தான் என்று தெரியாமல் முதல் ஒரு மாதம் இவள் திரும்பிப் பார்க்கவில்லை; திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டி, அவளுக்குப் பக்கத்து மேசையைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். ஐந்து வருடமும் அந்த மேசை காலியாகத்தான் இருந்தது என்று ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வருடத்தில் நிழல் போடக் கற்றுக்கொடுப்பார்களாம். எந்தக் கட்டடமானாலும், எந்த ஊரானாலும், வெளிச்சம் தாளின் இடதுமேல் மூலையிலிருந்து சரிவாக வருகிறது என்று வைத்துக்கொண்டுதான் நிழல் போட வேண்டுமாம். படம் வரைகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது, சூரியனை யாரும் கலந்துகொள்ளவில்லை. மற்றவர்கள் அதையும் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டி முடித்துவிட்டுக் கேன்டீனுக்குக் கூட்டமாகப் போக, பேச்சுத்துணை இல்லாத இவள் மட்டும் பென்சிலால் கோடு கோடாக, ஒரு சுவரின் நிழலுக்கு ஆயிரம் கோடு என்று போட்டுக்கொண்டிருப்பாளாம். கடைசி வருடம், எல்லோர் முன்னாலும் படத்தை மாட்டி வைத்து நிற்கையில், வெளியிலிருந்து வந்த ஒரு பெரிய ஆர்க்கிடெக்ட் பார்த்துவிட்டு, "கட்டடம் சுமார்தான்மா, நிழல் மட்டும் குளுகுளுன்னு இருக்கு" என்றாராம். ஹாலே சிரித்ததாம்.

பிறகு ஒரு பெரிய கம்பெனியில் இரண்டு வருடம் வேலை. அங்கே இவளுக்குக் கொடுத்தது ஜன்னல் பட்டியல்: எந்த ஜன்னல் எந்தச் சுவரில், எத்தனை அடிக்கு எத்தனை அடி, கொக்கி இடப்பக்கமா வலப்பக்கமா. ஆயிரத்து நானூறு ஜன்னல் எழுதினாளாம். கட்டடம் எழும்பும் இடத்துக்கு ஒருநாள்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. "நான் எழுதின ஜன்னல்ல ஒண்ணைக்கூடத் தெறந்து பாத்ததில்லக்கா" என்றாள். அந்த ஏக்கத்தில்தான் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்று இருபத்தாறு வயதில் ஊருக்கு வந்து, என் கடைக்கு மேல் இருந்த ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்தாள். அதுவே வீடு, அதுவே ஆபீஸ். வாசலில் 'முப்பிடாதி, ஆர்க்கிடெக்ட்' என்று போர்டு மாட்டினாள். ஊர் அவளை அன்றைக்கே 'இன்ஜினியரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது, கடைசி வரைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தக் கார்னர் மனை, பாத்திரக்கடை பிச்சைக்கனி அண்ணாச்சியுடையது. பிளானை வாங்க வந்தவர், நிழலைப் பார்த்தார், மனைக்குள் போனார், பத்து நிமிடம் நின்றார், கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். மதியம் சாப்பாட்டுத் தூக்கும் அங்கேயே வந்தது. சாயங்காலம் எழுந்தபோது நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது. நிழலும் போட்ட இடத்திலேயே இருந்தது. மேகம் மூடினால் எல்லா நிழலையும் போல அதுவும் போகும். வெயில் வந்ததும் அச்சுப் பிசகாமல் அதே இடத்துக்குத் திரும்பும். சூரியன் எங்கே நின்றாலும் அது தாளில் போட்டபடிதான் விழுந்தது.

"நகரவே இல்ல தாயி" என்றார் அண்ணாச்சி, என் கடைக்கு வந்து, ஏதோ நல்ல காரியம் நடந்த வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"நாளைக்குப் பூமி பூஜை அண்ணாச்சி. பால்துரை மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன்" என்றாள் முப்பிடாதி.

"பண்ணுவோம், பண்ணுவோம். என்ன அவசரம்?"

பூஜையும் நடந்தது, இரண்டு லோடு செங்கல்லும் இறங்கியது. பால்துரை மேஸ்திரி காம்பவுண்ட் சுவரை முதலில் எழுப்பினார். மூன்றடி ஏறியதுமே, அந்தச் சுவருக்கு உண்டான நிழல் பட்டென்று அறுந்து, ஊரிலுள்ள மற்ற சுவர்களின் நிழலைப் போலச் சூரியனோடு நகர ஆரம்பித்தது. மதியத்துக்குள் ஒரு சாண் ஆகிவிட்டது. நிழலுக்குள் நின்ற ஜனம் சத்தம் போட்டது. அண்ணாச்சி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு சுவரை இடிக்கச் சொன்னார். இடித்ததும் நிழல் பழையபடி வந்து படிந்தது. கட்டினால் போய்விடும், கட்டாவிட்டால் நிற்கும் என்று ஊருக்கு விளங்கிவிட்டது. மீதிச் செங்கல்லை மேஸ்திரி தன் கொட்டகைக்கு எடுத்துப் போனார்.

அதன் பிறகு அவளுக்கு வேலை வந்தது பாருங்கள், அப்படி ஒரு வேலை எந்த ஆர்க்கிடெக்டுக்கும் அந்த வயதில் வந்திருக்காது. கல்யாண மண்டபம் கேட்டார்கள், வாரச்சந்தைக்குக் கேட்டார்கள், அம்மன் கோவில் கொடைக்கு அன்னதானக் கூடம் கேட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் நிறுத்துமிடம் கேட்டார்கள், டீக்கடைக்காரர் ஒருவர் கூச்சப்படாமல் நான்கு மாடி லாட்ஜ் கேட்டார். ஒன்றரை வருடத்தில் பதினொரு பிளான், பதினொரு சீல், பதினொரு நிழல். ஒரு செங்கல் வைக்கவில்லை. ஊர் தன் வழக்கப்படி அதற்கும் சட்டதிட்டம் போட்டுக்கொண்டது. மண்டப நிழல் தன் களத்தில் விழுந்து நாலு நாளாக வத்தல் காயவில்லை என்று பக்கத்து மனைக்காரி வந்து மண்ணை வாரித் தூற்ற, பஞ்சாயத்து கூடி, இனிமேல் எந்த நிழலும் அடுத்தவர் எல்லைக்கு மூன்றடி விட்டே விழ வேண்டும் என்று தீர்மானம் போட்டது. முப்பிடாதி மண்டபத்தின் தெற்குச் சுவரை அழித்துத் திரும்ப வரைந்து சீல் குத்தினாள். நிழல் ஒழுங்காகப் பின்வாங்கியது. வாஸ்து பார்க்கிறவர் வந்து, ஈசான மூலையில் தொட்டி நிழல் விழுகிறது, ஆகாது என்றார். தொட்டியையும் தள்ளி வைத்தாள். தீக்குச்சி காயப்போடும் தெருவில் மட்டும் அவள் பிளான் போடக் கூடாது என்று தடை. மற்றபடி ஊர் அதற்குள் குடியேறிவிட்டது: தாலி கட்டினார்கள், சீட்டு விளையாடினார்கள், ஆட்டைக் கட்டினார்கள், பிள்ளைக்குத் தொட்டில் கட்ட மட்டும் வேறு இடம் போனார்கள், ஏனென்றால் நிழலில் உத்தரம் தெரிந்ததே தவிரக் கயிறு போட முடியவில்லை.

இதையெல்லாம் அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பாள். அவள் ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் என்னென்ன வைத்திருந்தாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், பிரதி எடுத்தவள் நான் என்பதால். மாடிப்படியின் உயரம் ஆறு அங்குலமா ஆறரையா என்று நாலு நாள் யோசிப்பாள். சமையலறையில் நிற்கிறவளுக்கு வாசல் தெரிய வேண்டும் என்று ஒரு சுவரையே சாய்த்துப் போட்டிருந்தாள். அதெல்லாம் நிழலில் எங்கே தெரியும்? ஒருநாள் என் கடை வாசலில் நின்று அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு, "அவரு உக்காந்திருக்கது மாடிப்படிக்குக் கீழக்கா. எந்திரிச்சா தலை இடிக்கும்" என்றாள். அண்ணாச்சி எழுந்தார், வேட்டியை உதறிக்கொண்டு நேராக நடந்து போனார். அவள் முகம் சுருங்கிவிட்டது.

கூடப் படித்தவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் தினம் ஒருவர் தான் கட்டிய வீட்டின் போட்டோவைப் போடுவார்களாம். இவளும் ஒருநாள் அண்ணாச்சி மனையைப் படம் எடுத்துப் போட்டாள். கம்ப்யூட்டரில் வரைந்த படம் என்று நினைத்து 'ரெண்டரிங் சூப்பர்' என்று ஒருவன் பதில் போட்டானாம், அவ்வளவுதான். திருப்பூரிலிருந்து அம்மா போன் பண்ணினால், "வீடு எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்பாள். "நடக்கும்மா" என்று சொல்லி வைத்துவிடுவாள். பரோட்டா பார்சல் வாங்கி மாடி ஏறுவாள். மண்டப நிழலில் அந்த ஒன்றரை வருடத்தில் முப்பது கல்யாணமாவது நடந்திருக்கும். ஒரு கல்யாணத்துக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை, ஒவ்வொருவரும் இன்னொருவர் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் கூப்பிட்டதில்லை. என் தங்கை மகள் சடங்கு அந்த நிழலில்தான் நடந்தது. பத்திரிகை அடித்ததே என் கடையில். மாடிக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை அண்ணாச்சியிடம் வாய்விட்டே கேட்டாள். "ஒரே ஒரு சொவரு கட்டுங்க அண்ணாச்சி. உள்ள ஒரு சொவரு, யாருக்கும் தெரியாதது. நான் தொட்டுப் பாத்துக்கிடுதேன், போதும்."

"கட்டுனா நகந்துரும்ல தாயி" என்றார் அவர், பிள்ளையிடம் சொல்வது போல. "இவ்வளவு பேரு உக்காந்திருக்கோம்."

அந்த இவ்வளவு பேரில் சந்தனமாரியும் ஒருத்தி. பஸ் ஸ்டாப்பில் வெள்ளரிப்பிஞ்சும் அவித்த கடலையும் விற்பவள். அவளோடு பூ விற்பவர்கள், நுங்கு விற்பவர்கள் என்று இன்னும் ஆறு பெண்கள். முன்பெல்லாம் வேப்பமர நிழல் பதினொரு மணிக்குக் காலடிக்குள் போனதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், வெயில் தாழ்ந்த பிறகு வருவார்கள். இப்போது நிழல் நகராததால் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணி. வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஒதுங்க இடமில்லை. ஆண்கள் பெட்ரோல் பங்கின் பின் சுவருக்குப் போனார்கள். இந்த ஏழு பேரும் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். ஆவணி மாதம் ஒரு மதியம் சந்தனமாரி கூடை மேலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீர் போகிற வழியெல்லாம் புண் என்றார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவள், கூடையை வைத்துவிட்டு, நேராக மாடிப்படி ஏறிப் போய், முப்பிடாதியின் மேசைக்கு எதிரே நின்றாள். சத்தம் எனக்குக் கீழே கேட்டது.

"யம்மா, ஒன் நெழலு நல்ல நெழலுதான். அதுல உக்காந்துதான் எம் மகள காலேசுல சேத்தேன். ஆனா ஒரு கக்கூசு கட்டிக் குடுத்தா உசுரோட இருப்போம்."

முப்பிடாதி அன்றைக்கே மனு எழுதி என்னிடம் நான்கு பிரதி எடுத்தாள். பேரூராட்சித் தலைவர் நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார். "பிளான் போட்டுக் குடும்மா, உடனே செஞ்சுருவோம்" என்றார்.

"தலைவரே, இது நெழலுக்கு இல்ல. கட்டணும்."

"கட்டாம எப்பிடி? சர்க்கார் காரியம், சீல் குத்துன பிளான் வேணும்ல. நீ போடு."

பஸ் ஸ்டாப்பை ஒட்டிய புறம்போக்கில் நான்கு கழிப்பறை, கைகழுவ ஒரு இடம். வரைந்து கொண்டுவந்து என் மேசையில் வைத்து, சீலைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். குத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். குத்தாவிட்டால் தாள் ஆபீசில் நகராது என்றும் தெரியும். குத்தினாள். புறம்போக்கில் நான்கு கதவும் சாய்ந்த கூரையும் உள்ள நிழல் கச்சிதமாக வந்து விழுந்தது. தலைவர் வந்து பார்த்து, பிரமாதம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு கம்பை நட்டு ரிப்பன் கட்டி, கத்தரிக்கோலால் வெட்டி, 'மகளிர் கழிப்பிடம் திறப்பு விழா' என்று மைக்கில் சொல்லி லட்டு கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்ததும் ஆண்கள் பைக்குகளை அந்த நிழலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள், சீட்டுச் சூடாகாமல் இருக்கும் என்று.

சந்தனமாரி நிழலுக்குக் கிட்டே போய், குனிந்து, தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி முப்பிடாதியைக் கேட்டாள்:

"கதவு இருக்கும்மா. தாப்பா எங்க இருக்கு?"

நான் அப்போது பக்கத்தில் நின்றேன். அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்கு முப்பிடாதி முகத்தில் பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் பைக்குகளை ஒவ்வொன்றாக அவளே தள்ளி அப்புறப்படுத்திவிட்டு, பால்துரை மேஸ்திரியையும், அவர் கொட்டகையில் கிடந்த செங்கல்லையும் கொண்டுவந்து இறக்கினாள். மேஸ்திரி வழக்கம்போலக் கையை நீட்டினார், "பிளானக் குடும்மா" என்று.

"பிளான் இல்லண்ணே. அது கட்டுறதுக்கு லாயக்கு இல்ல. நான் பக்கத்துலயே நிக்கேன், வாயால சொல்லுதேன்."

"தாளே இல்லாம வேல செய்யச் சொல்லுத இன்ஜினியர இப்பத்தான் பாக்கேன்" என்றார் மேஸ்திரி. ஆனால் கடப்பாரையை எடுத்துக்கொண்டார்.

அவள் தரையில் கோடு கிழிப்பதற்கு முன்னால் சந்தனமாரியைக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னாள், எழுந்திருக்கச் சொன்னாள், சேலையைத் தூக்கிச் செருகிக் காட்டச் சொன்னாள். சுற்றிலும் மற்ற ஆறு பேரும் முந்தானையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்க, உள்ளே சிரிப்பாணி தாங்கவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்யும்போது சந்தனமாரியின் முழங்கை இடிக்காமல் இருக்க நாலேமுக்கால் அடி வேண்டியிருந்தது. பிளானில் நான்கடிதான் போட்டிருந்தாள். இருந்த செங்கல்லுக்கு நான்கு வராது, ஒரே அறைதான் என்று ஆனது. பூக்கூடையை வைக்க உள்ளே ஒரு பலகை வேண்டும் என்றாள் ஒருத்தி. முட்டி வலிக்காரி ஒருத்தி, பிடித்து எழுந்திருக்கக் கம்பி கேட்டாள். ஜன்னல் தலைக்கு மேலே, ஆனால் பஸ் வருவது காதில் விழுகிற பக்கம். ஐந்து வருடப் படிப்பிலும் இதை யாரும் தனக்குச் சொல்லவில்லை என்று என்னிடம் சாயங்காலம் சொன்னபோது அவள் கண் மின்னியது. அவள் அத்தனை பேருக்கு நடுவில் நின்று பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் வரி செங்கல் வைத்ததுமே அந்தக் கழிப்பறை நிழல் போய்விட்டது. அதை எல்லோரும் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. சுவரில் ஒவ்வொரு வரி ஏற ஏற, ஊரிலுள்ள மற்ற பதினொரு நிழல்களும் ஒரு விரற்கடை அசைந்தன. சந்தையில் தராசுத் தட்டில் வெயில் பட்டது. மண்டபத்தில் மாப்பிள்ளை ஒரு பக்கம் வேர்த்தார். அண்ணாச்சி நாற்காலியை மூன்று தடவை இழுத்துப் போட்டுக்கொண்டார். தரையில் கோடு கிழித்துப் பார்த்து, எந்த வரிக்கு எவ்வளவு என்று ஊரே அளந்துவிட்டது. சுவர் முழு உயரத்துக்கு வந்து, சென்ட்ரிங் பலகையும் கட்டி, தளம் போடுவதுதான் பாக்கி என்ற அன்றைக்குத் தலைவரும் அண்ணாச்சியும் ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேரும் என் கடை வழியாக மாடி ஏறினார்கள். அவளுடைய அறைக்கு ஊர் போனது அதுதான் முதல் தடவை. உட்கார ஒரு நாற்காலிதான் இருந்தது என்பதால் எல்லோரும் நின்றார்கள்.

அண்ணாச்சிதான் பேசினார். "தாயி, நாங்க பேசி முடிவெடுத்துட்டோம். எம் மனையில வீட்டக் கட்டிருதேன். நீ போட்டபடியே, ரெண்டு மாடி, அந்தப் பூவேலச் சொவரு, சாச்சுப் போட்ட அடுப்படிச் சொவரு, ஒண்ணு விடாம. ஒம் பேரக் கல்லுல வெட்டி வாசல்ல பதிக்கேன். என் நெழலு போனா போகுது. மத்த பத்தும் நிக்கணும். நீ அந்தத் தளத்த மட்டும் போடாத."

"அப்ப அந்த ஏழு பேரு?"

"ஒரு தார்ப்பாயக் கட்டிக் குடுப்போம்."

அவள் ஒருநாள் அவகாசம் கேட்டாள். அவர்கள் இறங்கிப் போன பிறகு நான் மேலே போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமலே. அண்ணாச்சி வீட்டுப் பிளானைத் தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஆசையா இருக்குக்கா" என்றாள். "ரொம்ப ஆசையா இருக்கு. அந்தப் பூவேலச் சொவருல காலம்பற கைய வெச்சா சூடு எப்பிடி ஏறும்னு நான் யோசிக்காத நாளே இல்ல." கட்டிக்கோ என்று சொல்லத்தான் வாய் வந்தது. மற்ற பத்து நிழல்களில் ஒன்றின் துண்டு என் கடை வாசல் சாலையிலும் விழுந்துகொண்டிருந்ததே. சொல்லாமல் இறங்கி வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் கீழே வந்து மேஸ்திரியிடம், "கலவயப் போடுங்கண்ணே" என்றாள்.

பதினொரு மணிக்குத் தளம் போட்டு முடிந்தது. கடைசிச் சட்டிக் கலவையைக் கொட்டி மட்டப்பலகையை இழுத்ததும், ஒன்றரை வருடமாக ஒரே இடத்தில் நின்ற பதினொரு நிழல்களும் இடம் பெயர்ந்து நடக்க ஆரம்பித்தன. அவசரமில்லாமல், எல்லா நிழலும் நடக்கும் வேகத்தில், சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தன. அவற்றின் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி நடந்தார், சந்தைக்காரர்கள் தராசையும் கூடையையும் இழுத்துக்கொண்டு நடந்தார்கள், அன்றைக்கு மண்டபத்தில் கல்யாணம் முடித்த ஜோடி பந்தி இலைகளோடு நகர்ந்தது, சீட்டாடியவர்கள் கையில் சீட்டை விரித்தபடியே எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள், ஆடுகள் கயிறு எட்டும் வரைக்கும் போயின. மதியத்துக்கு மேல் நிழல்கள் நீண்டன. மாடிகளும் தூண்களும் தொட்டிகளும் சாலையைத் தாண்டி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, கிழக்கே பருத்திக்காட்டுக்குள் போய், ஊரை விடப் பெரிதாகக் கிடந்தன. வெயில் இறங்கியதும் போய்விட்டன. மறுநாள் காலையில் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஊர் அவளை ஒன்றும் செய்யவில்லை. கல் எறியவில்லை, ஏசவும் இல்லை. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவ்வளவுதான். டீக்கடையில் அவளுக்கு டீ வர நேரமானது. போர்டிலிருந்த ஆணி ஒன்று கழன்று அது சாய்ந்தபோது யாரும் சொல்லவில்லை. பழையபடி பதினொரு மணிக்கு எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அவள் பாட்டுக்கு இருபது நாள் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள், பூசு வேலை பார்க்க மேஸ்திரி கூடவே நின்றாள், கதவுக்குத் தாழ்ப்பாளை உள்பக்கம் தானே முடுக்கினாள், அது சரியாக விழுகிறதா என்று சந்தனமாரியைப் போட்டுப் போட்டு எடுக்கச் சொன்னாள். சுண்ணாம்பு அடித்தது ஒரு புதன்கிழமை. அதற்குத் திறப்பு விழா வைக்கத் தலைவருக்கு மனமில்லை. திறந்தாகிவிட்டது என்று ஆபீஸ் தாளில் ஏற்கெனவே இருந்ததும் ஒரு காரணம்.

வியாழக்கிழமை காலை ஏழு பெண்களும் வரிசையில் நின்றார்கள். பிறகு பஸ்ஸுக்கு வந்தவர்கள் நின்றார்கள். வெளியூர்க்காரி ஒருத்தி, "யாரு கட்டுனது இது, நல்லாருக்கே" என்று கேட்டாள். "பால்துரை மேஸ்திரி" என்றார்கள். பிளான் இல்லை, சீல் இல்லை, அவள் பெயர் எங்கேயும் இல்லை. நானும் கடையைச் சாத்திவிட்டுப் போய் நின்றேன். பன்னிரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன், நானும் அந்தப் பன்னிரண்டு வருடமும் தண்ணீர் குடிக்காதவள்தான். எனக்கு முன்னால் முப்பிடாதி நின்றாள். எல்லோரையும் போல வரிசையில்.

அவள் முறை வந்ததும் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் விழவில்லை, வாளி நகரவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். எனக்குப் பின்னால் நின்ற பூக்காரி அவசரப்பட்டாள். உள்ளே அழுகிற சத்தம் மாதிரி ஏதோ எனக்குக் கேட்டது. கேட்காதது போல நின்றேன். பஸ் ஒன்று வந்து நின்று ஹார்ன் அடித்தது. வேறு வழியில்லாமல் கதவைத் தட்டினேன்.

"சீக்கிரம் வாத்தா. வெளிய ஆளு நிக்கி."

"இந்தா வந்துட்டேங்க்கா" என்றாள் உள்ளேயிருந்து. அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

கதவைத் திறந்து வெளியே வந்தாள். இரண்டு உள்ளங்கையிலும், வலது கன்னத்தில் காதுவரைக்கும், சுவர்ச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. துடைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், மனம் வரவில்லை. அவள் அப்படியே சாலையைக் கடந்து, அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆட்களைத் தாண்டி, வெயிலில் நடந்து போனாள். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.